கண் கண்டும் காணாத நோய்

நோய்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளின் சரித்திரத்தையே எழுதுகின்றனர். அம்மைக்குத் தடுப்பு கண்ட ஆண்டு, காசத்துக்கு மருந்து கண்ட ஆண்டு என்று வரிசைப்படுத்திச் செல்வது எளிது. ஆனால் சில நோய்களுக்கு வேறு வகையான சரித்திரம் உண்டு. நோயாளி சொன்ன சொல்லை மருத்துவர் எப்போது நம்பினார், எதைக் கொண்டு நம்பினார் என்பதே அச்சரித்திரம். ஆங்கிலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும், தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் வழங்கும் நோய் அத்தகையது.

அந்நோய் கண்ட ஒருவர், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று முறையிடுகிறார். கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டுகிறார். கீழ் வரி வரை அவர் தடையின்றிப் படித்துவிடுகிறார். "பார்வையில் குறை ஒன்றும் இல்லை" என்னும் தீர்ப்பு எழுதப்படுகிறது. ஆயினும் அந்தி வேளையில் எதிரே வரும் பேருந்தின் எண் அவருக்குப் புலப்படுவதில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அடுத்த படி எங்கே என்பதில் தயக்கம் உண்டாகிறது. சாலையைக் கடக்கையில் வண்டி எவ்வளவு தொலைவில் வருகிறது என்று மதிப்பிட முடிவதில்லை. பலகை சொல்வதும் உண்மை. நோயாளி சொல்வதும் உண்மை. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும்? இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகுக்கு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அவ்விடையின் கதையையே இங்கே கூற முற்படுகிறோம்.

இந்நோயாளிகளுள் நமக்குத் தெளிவான சொந்தக் குறிப்புகளை விட்டுச்சென்ற முதல்வர்களுள் ஒருவர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்டே என்பவர். அவர் 1794-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1822-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தில் தமக்கு வேண்டிய ஒருவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். அதன்பின் சில நாட்களில் அவருடைய கண்கள் மிகவும் நலிவுற்றன. வந்த கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று; பதிலையும் பிறரே எழுத வேண்டியதாயிற்று. பின்னர் மருந்து எதுவும் இன்றியே பார்வை திரும்பியது. சில ஆண்டுகள் கழித்து இத்தாலியில் இருந்தபோது பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றின, அதுவும் மறைந்தது. அதற்குப் பின்னரே கால்கள் தளர்ந்தன. 1848-இல் அவர் இறந்தார். அவர் நாட்குறிப்பு மேலும் நூறு ஆண்டுகள் கழித்து, 1948-இல் தான் நூலாக வெளிவந்தது. கால் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண் முதற்செய்தியைச் சொல்லிவிட்டது என்பதை அக்குறிப்பு காட்டுகிறது. ஆனால் அச்செய்தியைப் படிக்கத் தெரிந்தவர் அன்று ஒருவரும் இலர்.

டெஸ்டே உயிரோடிருந்த காலத்திலேயே, ராபர்ட் கார்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும், கிருவேலியே என்ற பிரெஞ்சு மருத்துவரும், இறந்தோரின் தண்டுவடத்தில் கண்ட கெட்டிப்பட்ட திட்டுகளைச் சித்திரமாக வரைந்து வெளியிட்டனர். அத்திட்டுகளையும் உயிரோடிருந்தபோது அந்நோயாளிகள் பட்ட துன்பங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, இது தனியொரு நோய் என்று நிலைநாட்டியவர் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ. அவர் 1868-இல் ஆற்றிய விரிவுரைகள் இத்துறையின் அடிக்கல் எனலாம். அவர் இட்ட பெயரின் பொருள் "திட்டுத் திட்டான இறுக்கம்" என்பதாகும். இந்நோயை அறிய அவர் கூறிய மூன்று அடையாளங்களுள் ஒன்று கண்ணைச் சார்ந்தது: விழிகள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தாமே ஆடிக்கொண்டிருத்தல்.

இங்கே நோயின் இயல்பைச் சற்று விளக்குதல் நலம். மூளையிலிருந்தும் மூளைக்கும் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளின்மீது மயலின் என்னும் கொழுப்புச் சத்துள்ள உறை சுற்றியிருக்கிறது. மின்கம்பியின்மீது ரப்பர் உறை இருப்பதுபோல் என்று சொல்வது வழக்கம். ஆனால் மயலின் உறை செய்தி சிந்தாமல் காப்பதோடு நிற்பதில்லை. செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்லும்படி செய்து அதன் வேகத்தையும் பன்மடங்கு பெருக்குகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி இவ்வுறையை ஆங்காங்கே அரித்துவிடுவதுதான் இந்நோய். உறை அழிந்த இடத்தில் செய்தி நின்றுபோகலாம். அன்றித் தயங்கித் தாமதமாகப் போகலாம். சில வாரங்களில் உறை ஓரளவு மீண்டும் வளர்வதும் உண்டு. ஆனால் புதிய உறை பழையதைப்போல் தடிப்பாக அமைவதில்லை.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உள்ளன. பெயரளவில் அது நரம்பு எனப்பட்டாலும், பிறப்பாலும் அமைப்பாலும் அது மூளையின் ஒரு நீட்சியே ஆகும். ஆகவே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் இந்நோய் பார்வை நரம்பையும் தாக்குவதில் வியப்பில்லை. நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோயின் முதல் அறிகுறியே பார்வை நரம்பின் அழற்சியாக இருக்கிறது.

சட்ட வாசகங்களையும் அலுவலக வாசகங்களையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஓர் உறுத்தல் உண்டாகிறது. தமிழில் நிலைபெற்ற பெயர் தண்டுவடத்தை மட்டுமே சுட்டுகிறது. கேட்பவர் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாரே அன்றிக் கண்ணை நினையார். பெயர் வழக்கில் ஊன்றிவிட்டது. அதை மாற்றப் புறப்படுவது வீண் வேலை. ஆனால் அப்பெயருக்குள் கண்ணும் அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழ் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஷார்கோவின் காலத்தில் கண் மருத்துவர்கள் கையில் ஒரு புதிய கருவி இருந்தது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிவித்த கண்ணாடிக் கருவி அது. உயிருள்ள கண்ணின் பின்சுவரையும், பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தையும் அதன் வழியே காணலாம். ஆனால் அழற்சி பெரும்பாலும் விழிக்குப் பின்புறத்தில் நரம்பின் உட்பகுதியில் உண்டாகிறது. அப்போது வட்டம் முற்றிலும் இயல்பாகவே காட்சியளிக்கும். "நோயாளியும் ஒன்றும் காணவில்லை, மருத்துவரும் ஒன்றும் காணவில்லை" என்று கண் மருத்துவர்களிடையே ஒரு பழமொழியே தோன்றிவிட்டது. மருத்துவர் காணாததை இல்லை என்று முடிவு கட்டுவது அந்நாளில் எளிதாக இருந்தது. இளம்பெண்கள் இந்நோய்க்கு மிகுதியாக ஆட்படுவதால், மனக்கோளாறு என்ற முத்திரையும் பலர்மீது விழுந்தது.

1890-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் ஒரு புதுமையைப் பதிவு செய்தார். இந்நோயாளிகள் சிலருக்கு, நடந்து களைத்தபின் பார்வை மங்குகிறது. ஓய்வு கொண்டபின் திரும்புகிறது. உழைப்பே காரணம் என்று அவர் கருதினார். உண்மைக் காரணம் உழைப்பினால் ஏறும் உடற்சூடு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உறை இழந்த நரம்பிழையில், உடற்சூடு அரை டிகிரி ஏறினாலும் செய்தி தடைப்படலாம். இதைக் கொண்டு, சந்தேகத்துக்குரிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி அறிகுறி தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனை கூட முன்பு கையாளப்பட்டது. படமெடுக்கும் கருவிகள் வந்தபின் அச்சோதனை கைவிடப்பட்டது.

குளிர்நாட்டில் வெந்நீர்த் தொட்டி வேண்டியிருந்தது. நம் டெல்லியில் மே மாதத்து லூ காற்றே அச்சோதனையைச் செய்துவிடும். கோடையின் நண்பகலில் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நிற்கும் இந்நோயாளிக்கு எதிரில் உள்ள பெயர்ப்பலகை மங்கிப் போகலாம். நிழலுக்கு வந்து நீர் பருகி இளைப்பாறியபின் அதே பலகை தெளிவாகத் தெரியும். பார்ப்பவர்க்கு இது பாசாங்காகத் தோன்றும். இது பாசாங்கு அன்று என்பதையும், இவ்வகை மங்கல் நோய் புதிதாக முற்றியதன் அடையாளமும் அன்று என்பதையும் உடனிருப்போர் அறிந்துகொண்டால், நோயாளியின் பாதித் துயரம் தீரும்.

அடுத்த படி, மருத்துவத்துக்குப் புறத்தேயிருந்து வந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் புல்ஃப்ரிக் என்ற பௌதிக விஞ்ஞானி 1922-இல் ஒரு விந்தையை விவரித்தார். ஒரு நூலில் கட்டித் தொங்கும் குண்டு, நமக்கு முன்னால் இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆடுகிறது என்று கொள்வோம். ஒரு கண்ணுக்கு முன் மட்டும் கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டு இரு கண்களாலும் அதைப் பார்த்தால், குண்டு நேர்கோட்டில் ஆடாமல் முட்டை வடிவமான பாதையில் முன்னும் பின்னுமாகச் சுற்றி வருவதுபோல் தோன்றும். இருண்ட கண்ணிலிருந்து செல்லும் செய்தி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. தாமதமான காட்சியையும் உடன்வந்த காட்சியையும் மூளை ஒன்றாக இணைக்கும்போது, காலத்தின் வேறுபாட்டைத் தூரத்தின் வேறுபாடாகத் தவறாகக் கணக்கிடுகிறது. இதை வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். புல்ஃப்ரிக் அவர்களோ ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். தாம் விவரித்த விந்தையைத் தாமே காண இயலாதவர் என்பது இச்சரித்திரத்தின் ஓர் உருக்கமான செய்தி.

கறுப்புக் கண்ணாடி இன்றியே இவ்விந்தையைக் காண்பவர் உண்டு. ஒரு கண்ணின் நரம்பு மட்டும் உறை இழந்தவர்களே அவர்கள். புல்ஃப்ரிக்கின் ஊசலைக் கொண்டு இந்நோயாளிகளின் பார்வைத் தாமதத்தைக் கண்டறியலாம் என்று 1975-இல் மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளிவந்தது. இதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் 10 மீட்டர் கடக்கிறது. ஒரு கண்ணின் செய்தி 40 மில்லி விநாடி, அதாவது விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு, தாமதித்தால், அக்கண் காட்டும் ஸ்கூட்டர் மற்றக் கண் காட்டும் ஸ்கூட்டருக்கு 40 சென்டிமீட்டர் பின்தங்கியிருக்கும். குறுக்கே செல்லும் அவ்வண்டி, உண்மையில் இருக்கும் தொலைவில் அன்றி வேறு தொலைவில் இருப்பதாகத் தோன்றும். அசையாத எழுத்துப் பலகையில் இக்குறை எவ்வாறு வெளிப்படும்? பலகை காத்திருக்கும், ஸ்கூட்டர் காத்திராது.

1972-ஆம் ஆண்டு இச்சரித்திரத்தின் திருப்புமுனை. லண்டனில் குவீன் ஸ்கொயர் என்னுமிடத்தில் உள்ள தேசிய நரம்பு மருத்துவமனையைச் சேர்ந்த ஹாலிடே, மக்டொனால்ட், முஷின் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளி ஒரு திரையைப் பார்க்கிறார். அதில் சதுரங்கப் பலகையைப்போல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி மாறி வருகின்றன. பின்தலையில் ஒட்டிய தகடுகள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூளையில் எழும் நுண்ணிய மின்னலையைப் பதிவு செய்கின்றன. நலமுள்ளவரிடம் அவ்வலை ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் உச்சம் அடைகிறது. பார்வை நரம்பில் அழற்சி கண்டவரிடமோ முப்பது, நாற்பது மில்லி விநாடி பிந்துகிறது. இதில் வியப்பு யாதெனில், எழுத்துப் பலகையின்படி பார்வை முழுமையாகத் திரும்பிய பின்னரும் அத்தாமதம் திரும்பவில்லை. மறு ஆண்டில் வெளிவந்த ஆய்வில், கண்ணில் குறை இருந்ததாகவே அறியாத நோயாளிகள் பலரிடமும் இத்தாமதம் காணப்பட்டது.

நோயாளியின் சொல்லுக்கு முதன்முறையாகச் சாட்சி கிடைத்தது. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொல்வர். மருத்துவர் கண்ணால் கண்ட இயல்பான நரம்பு வட்டம் முழு உண்மை அன்று. தீர விசாரித்தது அச்சதுரங்கத் திரையே.

அம்மூவருள் இயன் மக்டொனால்ட் நியூசிலாந்தில் பிறந்தவர். இந்நோயை நிர்ணயிக்க 2001-இல் வகுக்கப்பட்ட விதிகள் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. பியானோ வாசிப்பில் தேர்ந்தவரான அவர், தம் இறுதி ஆண்டுகளில் மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, இசைக் குறியீட்டைப் படிக்கும் ஆற்றலை இழந்தார். மீண்டும் முயன்று அதைப் பெருமளவு பெற்றார். அவ்வனுபவத்தை 2006-இல் தாமே ஒரு கட்டுரையாக எழுதி, அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். பிறருடைய பார்வையின் நுட்பத்தை ஆராய்ந்தவர், தம் பார்வையையும் அவ்வாறே ஆராய்ந்து விடைபெற்றார்.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். கண் மருத்துவத்தில் தமிழ்நாட்டின் பழமை சிறியதன்று. இன்று எழும்பூரில் விளங்கும் அரசினர் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அது ஒன்று. நரம்பு மருத்துவமோ நம் நாட்டில் மிகவும் பிந்தி வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இல் தனித்துறை கண்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி பணி தொடங்கினார். இவ்விருவரும், எஸ். டி. நரசிம்மனும், பல்தேவ் சிங்கும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். வேலூரில் பணியாற்றிய பல்தேவ் சிங் பின்னர் டெல்லிக்கு வந்து, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நரம்பியல் துறைக்கு அடிகோலினார். தெற்கிலிருந்து டெல்லிக்கு வந்தவை கோப்புகளும் குமாஸ்தாக்களும் மட்டும் அல்ல என்பதை இது நினைவூட்டும்.

லக்ஷ்மிபாய் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அம்மருத்துவக் கழகம் தொலைவில் உள்ளதன்று. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் உள்ள அந்நகரிலிருந்து, கித்வாய் நகரைத் தாண்டி ரிங் ரோட்டைக் கடந்தால் ஒரு புறம் சப்தர்ஜங் மருத்துவமனை. மறு புறம் எய்ம்ஸ். கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அளித்த நன்கொடையைக் கொண்டு 1952-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1956-இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது அது. அதன் வளாகத்துக்குள்ளேயே 1967-இல், நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் பெயரால், டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ விஞ்ஞான மையம் தோன்றியது.

இந்நோய் குளிர்நாடுகளுக்கே உரியது, வெப்ப நாடுகளில் அரிது என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. பம்பாய்ப் பார்சி மக்களிடையே இந்நோய் கணிசமாகக் காணப்படுகிறது என்று நோஷிர் வாடியாவும் உடன் ஆய்ந்தவரும் 1990-இல் எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த வேறோர் ஆய்வு, புலம்பெயர்ந்தோர் யாவரும் சிந்திக்கத்தக்கது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அங்கே குடியேறிய பெற்றோரிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்தம் மக்களிடமோ ஏறத்தாழ அந்நாட்டு மக்களுக்கு நிகரான அளவில் காணப்பட்டது. இரத்தம் ஒன்றே, வளர்ந்த மண் வேறு. பிறப்பு மட்டும் இந்நோயை நிர்ணயிப்பதில்லை, இளமையில் வாழ்ந்த சூழலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று அரிது. படமெடுக்கும் காந்தக் கருவிகள் நம் நகரங்களில் பெருகியபின், முன்பு இனம் தெரியாமற்போன நோயாளிகளும் கண்டறியப்பட்டனர்.

பார்வை நரம்பு அழற்சிக்குச் சிகிச்சை எது என்பதைப் பற்றி அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 457 நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரத்தக் குழாய் வழியே செலுத்தும் ஸ்டீராய்டு பார்வை திரும்புவதை விரைவுபடுத்துகிறது. ஆனால் முடிவில் கிடைக்கும் பார்வை பெரும்பாலும் மாறுவதில்லை. வழக்கமான அளவில் மாத்திரையாக மட்டும் கொடுத்தாலோ அழற்சி மீண்டும் வருவது மிகுகிறது. 1992-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் மருத்துவரின் வழக்கத்தை மாற்றியது. ஆனால் அவ்வாய்வில் பயன்பட்ட மருந்து விலை மிக்கது. நம் நாட்டு ஏழை நோயாளிக்கு வேறு வழி உண்டா என்ற கேள்வியை ராஜேந்திர பிரசாத் மையத்து மருத்துவர்கள் எடுத்துக்கொண்டனர். விலை குறைந்த டெக்ஸாமெதசோன் என்ற மருந்தை அதனோடு ஒப்பிட்டு ஒரு சிறு ஆய்வு நடத்தி, அதுவும் நிகரான பயன் தருவதாக 2007-இல் அறிவித்தனர். ஆய்வு சிறிதே ஆயினும், மேல்நாட்டு முடிவை நம் நாட்டுப் பணப்பையோடு பொருத்திப் பார்த்த முயற்சி அது.

இன்னொரு வேறுபாடும் நமக்கு முக்கியமானது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் பிறிதொரு நோயை, 1894-இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் டெவிக் விவரித்திருந்தார். அது தண்டுவட மரப்பு நோயின் ஒரு வகை என்றே நெடுநாள் எண்ணினர். 2004-இல், அந்நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் காணப்படும் ஓர் எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டபின், அது தனி நோய் என்பது உறுதியாயிற்று. ஆசிய மக்களிடையே அதன் விகிதம் மேல்நாடுகளைவிட மிகுதி. ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றைத் தீவிரப்படுத்தவும் கூடும். ஆதலின் நம்மவர்க்குக் கண் நரம்பு அழற்சி வந்தால், அது எந்த நோயின் செய்தி என்று இரத்தப் பரிசோதனையால் தெளிவது இன்றியமையாதது.

1972-இல் தொடங்கிய பாதை அண்மைக் காலத்தில் மேலும் நீண்டது. 1991-இல் அமெரிக்காவில் உருவான ஒரு கருவி, ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு நுட்பத்தில் அளந்தது. இந்நோயாளிகளின் விழித்திரை நரம்படுக்கு மெலிவதை அது காட்டியது. கறுப்பு எழுத்துக்குப் பதிலாக வெளிறிய சாம்பல் நிற எழுத்துக்களைக் கொண்ட பலகைகள், வழக்கமான பலகையில் மறைந்திருந்த குறையை வெளிக்கொணர்ந்தன. 2000-ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், பார்வை மீண்ட நோயாளிகளின் மூளையில், பார்வைக்குரிய பகுதியோடு வேறு பகுதிகளும் காட்சிக்கு விடையளிப்பதைக் கண்டனர். இழந்ததை ஈடுசெய்ய மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்வதன் அடையாளமாக இதை அவர்கள் கருதினர். 2011-இல் ஜெருசலேம் ஆராய்ச்சியாளர்கள், எழுத்தும் நிறமும் முன்போல் தெரியத் தொடங்கிய பின்னரும், அசையும் பொருளை உணரும் ஆற்றல் மட்டும் திரும்பாமல் நிற்பதை நிறுவினர்.

இவ்வளவுக்குப் பின்னும், நோயை நிர்ணயிக்கும் மக்டொனால்ட் விதிகளில் பார்வை நரம்புக்கு உரிய தனி இடம் நெடுநாள் கிடைக்கவில்லை. மூளையில் மூன்று இடங்களும் தண்டுவடமும் ஆக நான்கு இடங்களே கணக்கில் கொள்ளப்பட்டன. 2024-இல் திருத்தி 2025-இல் வெளியிட்ட விதிகளில்தான் பார்வை நரம்பு ஐந்தாம் இடமாகச் சேர்க்கப்பட்டது. டெஸ்டேயின் கண் 1822-இல் சொன்ன செய்தி, இருநூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து விதிப் புத்தகத்தில் ஏறியது.

மருத்துவ விதி மாறியது. சட்டம் எங்கே நிற்கிறது? 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இந்நோயின் பெயரே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் போன்ற அமைப்புகளின் இடைவிடாத முறையீடு வீண்போகவில்லை. ஆனால் சட்டத்தின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எடைபோட்டால், நோயின் விளக்கத்தில் மூளையும் தண்டுவடமும் குறிக்கப்படுகின்றன. பார்வை நரம்பு குறிக்கப்படவில்லை. பார்வைக் குறைவுக்கான விளக்கமோ எழுத்துப் பலகையின் அளவையும் பார்வைப் புலத்தின் கோணத்தையும் மட்டுமே கொள்கிறது. அரசுப் பணியில் இடஒதுக்கீடு கூறும் 34-ஆம் பிரிவிலும் இந்நோய் தன் பெயரால் இடம்பெறவில்லை. பலகையைப் படித்துவிட்டு, பேருந்து எண்ணைப் படிக்க இயலாத மனிதர் இவ்வாசகங்களின் இடைவெளியில் விழுந்துவிடுகிறார். சொற்களால் உண்டான இடைவெளியைச் சொற்களால் நிரப்ப முடியும். விஞ்ஞானம் சாட்சியைத் தந்துவிட்ட பிறகு, சட்டம் அதைக் கேட்க மறுப்பதற்குக் காரணம் இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமோர் இடர் உண்டு. மங்கல், கூச்சம், இரட்டையாகத் தெரிதல், ஆடுதல், நிறம் வெளிறுதல் என்று தமிழில் தனித்தனியே சொல்லத் தெரிந்தவர், டெல்லி மருத்துவர் முன் அமர்ந்தவுடன் "துந்த்லா" என்ற ஒரே இந்திச் சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுகிறார். மங்கல் பார்வை நரம்பைச் சுட்டலாம்; இரட்டைக் காட்சி விழியை இயக்கும் பாதையைச் சுட்டும். ஐந்து செய்திகள் ஒரு சொல்லில் ஒடுங்கும்போது நோயின் இருப்பிடமும் மறைந்துவிடுகிறது. மொழி போதாதபோது இரு கைகளாலும் காட்டலாம். காகிதத்தில் வரைந்து காட்டலாம். இந்தி நன்கறிந்த மகளையோ அண்டை வீட்டாரையோ உடன் அழைத்துச் செல்லலாம். ஒருபோதும் சுருக்கிச் சொல்லலாகாது.

அழற்சியின் அடையாளங்கள் சில: விழியை அசைக்கையில் வலி, சில நாட்களுக்குள் ஒரு கண்ணில் மங்கல், சிவப்பு நிறம் வெளிறித் தோன்றுதல். குங்குமச் சிமிழை ஒவ்வொரு கண்ணால் தனித்தனியே பார்க்கையில், ஒரு கண்ணுக்குக் குங்குமமாகவும் மற்றொன்றுக்குக் காவியாகவும் தோன்றினால், காலம் தாழ்த்தாது கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். இதனால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. பெரும்பாலோர்க்குப் பார்வை சில வாரங்களில் திரும்புகிறது. கண் நரம்பு அழற்சி கண்ட எல்லோரும் தண்டுவட மரப்பு நோயாளிகள் ஆவதும் இல்லை; நம் நாட்டில் அவ்விகிதம் மேல்நாடுகளைவிடக் குறைவு. ஆவோர்க்கும், 1993 முதல் நோயின் போக்கைத் தணிக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் தவிர்த்தல் வேண்டும்.

நம் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர், "பலகையில் படித்துவிட்டேன், ஆனாலும் தெரியவில்லை" என்று கூறினால், அவர் கூற்றில் முரண்பாடு இல்லை என்பதை நாம் இப்போது அறிவோம். அதை மெய்ப்பிக்க விஞ்ஞானத்துக்கு ஒரு சதுரங்கத் திரையும், அதைக் கட்டியமைக்க நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பும் வேண்டியிருந்தன. அவரை நம்புவதற்கு நமக்கு அவை எதுவும் வேண்டியதில்லை.